மெத்துத்துணியில் நின்றுவிட்ட மாதா

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் கோயிலில் பூ வைக்கிற கொர்னேலியாக்கா. போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து, கோயில் வாசலில் நாங்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார். ஒரு கால் செருப்பு கிடைத்து மறு கால் செருப்பு கிடைப்பதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது. மறு செருப்பு கிடைத்த பிறகும் நாங்கள் அங்கேயேதான் நின்றோம். இது நடந்தபோது அவர் அந்த ஊரில் இருக்கிற தன் தாய்வீட்டுக்குப் போயிருந்ததால் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர். அவர் சொன்னதில் நான் எதையும் குறைக்கவில்லை. கூட்டியிருந்தால் அது என் வாய்ப்பழக்கம், மாதா மன்னிப்பாள்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற வழியில் தோமையார்பட்டி என்று ஓர் ஊர். நெசவுக்குப் பேர்போன சின்னாளபட்டிப் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஜனம் என்பதால் பாவு என்றால் என்ன, ஊடு என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த ஊருக்கு மேற்கே ஒரு கம்பெனி வந்து, துணி செய்கிறோம் ஆனால் நெய்வதில்லை என்று சொன்னபோது, நெய்யாமல் துணி எப்படி வரும், பிசையாமல் பரோட்டா வருமா என்று ஊரே சிரித்தது. சிரித்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆளுக்கொருவர் அங்கே வேலைக்கும் போனார்கள். பள்ளிக்கூடத்து ஷூவில் இழுத்தால் கர்ர்ரென்று பிரியுமே ஒரு பட்டி, பிள்ளைகள் வெல்க்ரோ என்று சொல்வார்களே, அதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் சொரசொரவென்று கொக்கி, மறுபக்கம் பூனைவயிறு மாதிரி மெத்து. அந்தக் கம்பெனியில் செய்தது மெத்துப் பக்கம் மட்டும்தான். மூட்டை மூட்டையாக நாரைக் கொட்டி, இயந்திரச் சீப்பால் சீவி, பஞ்சுமிட்டாய் போல மெல்லிசாகப் பரப்பி, புள்ளி புள்ளியாகப் புடைத்த சூட்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். புள்ளி பட்ட இடம் ஒட்டிக்கொள்ளும், படாத இடம் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி வளையங்களாக எழும்பி நிற்கும், அவ்வளவுதான் துணி. அது ரோல் ரோலாகப் போய் எங்கேயோ இருக்கிற குழந்தைகளின் இடுப்பில் டயப்பருக்குப் பிடிமானமாக உட்கார்ந்துகொள்ளும்.

அந்தத் துணியை வெளிச்சக் கண்ணாடிமேல் ஓடவிட்டு, ஓட்டை இருக்கிறதா, மெலிந்த இடம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை சலேத்மேரிக்கு. ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, அதில் கொக்கிப்பட்டியை அழுத்தி, உரித்துப் பார்த்துச் சரி என்று சொல்வதும் அவள்தான். மகள் பிரின்சியைக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, மகன் மலேசியாவில், வீட்டில் அவளும் புருஷன் சந்தியாகுவும் சுவரில் மாட்டிய புனிதர்களும் மட்டுமே. காலையில் எழுந்ததும் ஒரு ஜெபமாலை, கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜெபமாலை, குழம்பு கொதிக்கும்போது பாதி ஜெபமாலை என்று இருந்தவளுக்கு, ஜெபம் செய்கிறவர்களுக்கே வருகிற ஒரு சின்ன வியாதியும் இருந்தது. தான் ஜெபிப்பது மாதாவுக்குத் தெரிந்தால் போதாது, பக்கத்து வீட்டுக்கும் தெரியவேண்டும். எனக்குத் தெரிந்த பெண்களில் இந்த வியாதி இல்லாதவர் யாருமில்லை, கண்ணாடியில் எனக்குத் தெரிகிறவர் உட்பட.

அக்டோபர், ஜெபமாலை மாதம். அந்த மாதம் முழுக்கக் கோயிலிலிருந்து மாதா சுரூபம், அதாவது மரச்சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு சாயங்காலம் ஒரு வீட்டுக்கு வந்தால், அன்று ஊரார் கூடி ஜெபமாலை சொல்லி, சுண்டல் தின்று கலைவார்கள். மறுநாள் சாயங்காலம் பாட்டோடு அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எந்த வீட்டில் எப்படி மேசை ஜோடித்தார்கள் என்று யாரும் வாய்விட்டு ஒப்பிடமாட்டார்கள், எல்லாரும் ஒப்பிடுவார்கள். அந்த வருஷம், கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் சூசைநாதர் வீட்டம்மா தன் கையால் பின்னிய விரிப்பைப் போட்டிருந்தார். அதைப் பார்த்து வந்த சலேத்மேரி, கம்பெனியில் கழித்துப் போட்ட மெத்துத்துணி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, தன் வீட்டு மேசையில் விரித்தாள். வெள்ளைவெளேரென்று, மழை இல்லாத மேகம் மாதிரி இருந்தது. அதன்மேல் மாதா வந்து நின்றாள். எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சலேத்மேரி அன்று ஜெபமாலையில் எந்த மறையுண்மை நடக்கிறது என்று இரண்டு தடவை மறந்துபோனாள்.

மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். உபதேசியார் சுரூபத்தின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். சுரூபம் வரவில்லை.

"என்ன உபதேசியாரே, மத்தியானம் சாப்பிடலையா?" என்றான் சந்தியாகு.

"சாப்பாட்டுக்கு என்னப்பா கொறை. மாதாதான் வரமாட்டேங்கிறா."

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். மாதா துணியை விடவில்லை, துணி மேசையை விடவில்லை, மேசை தரையை விடவில்லை. லாரி ஜாக்கி கொண்டுவந்து மேசைக்கு அடியில் கொடுத்தபோது சிமெண்டுத் தளம் கீறல் விட்டது. "போதும்யா. மாதா இருக்கட்டும், வீடும் இருக்கணும்ல," என்று சந்தியாகு ஜாக்கியைப் பிடுங்கி வெளியே வைத்தான். உபதேசியார் வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துணிமேல் வைத்தார், அதுவும் ஒட்டிக்கொண்டது. பங்குச் சாமியார் இருதயநாதன் ஸ்கூட்டரில் வந்து, சுரூபத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு விரலால் தொட்டு, விரல் திரும்பி வந்ததில் திருப்திப்பட்டு, "சரி, அவசரப்பட வேணாம், அம்மாவுக்கு எப்பப் போகணும்னு தோணுதோ அப்பப் போகட்டும்," என்றார்.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அந்த ஊரில் மாதா இதற்கு முன்னும் பிடிவாதம் பிடித்திருக்கிறாள்; ஒரு தடவை மழைக்குப் பயந்து தேரை மாற்றுப் பாதையில் இழுத்தபோது அச்சு முறிந்ததை இன்னும் சொல்வார்கள். எல்லாரும் சலேத்மேரியின் கையைப் பிடித்து, "ஒனக்குக் கெடச்ச பாக்கியம் யாருக்கும் கெடைக்காது," என்றார்கள். சலேத்மேரி கண்ணீர் விட்டாள். கண்ணீர் நிஜம்தான். அதற்குக் கீழே ஒரு சின்னச் சிரிப்பும் நிஜம்தான்.

மகளுக்குப் போன் போட்டு, "மாதா நம்ம வீட்டை விட்டுப் போகமாட்டேங்கிறாடி, உங்க மாமியாகிட்டயும் சொல்லு," என்றாள்.

"சரிம்மா. அப்ப கிறிஸ்மஸுக்கு வந்தா நாங்க எங்க படுக்கிறது? அந்த ரூம்லதான ஃபேன் இருக்கு," என்றாள் பிரின்சி.

இனி அந்த ஊர் என்ன செய்தது என்பதுதான் பெரிய கதை. மற்ற வீடுகளுக்கெல்லாம் மாதா வந்தாக வேண்டும். சுண்டல் ஊறப்போட்டாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியாகிவிட்டது. மாதா நம் வீட்டுக்கு வரவில்லையென்றால் மாதா இருக்கிற வீட்டை நம் வீடாக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது என்று பிறகு யாருக்கும் நினைவில்லை, எல்லாரும் தான்தான் சொன்னதாகச் சொன்னார்கள். அப்படியே நடந்தது. யாருடைய முறையோ அவர்கள் மத்தியானமே தங்கள் மிதியடியையும் வாசல் திரையையும் பாய்களையும் தட்டுகளையும் குடும்பப் படத்தையும் ஆட்டோவில் ஏற்றிவந்து, சலேத்மேரி வீட்டு மிதியடியைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுத் தங்களதை விரித்து, சந்தியாகுவின் அப்பா படத்தை இறக்கிவிட்டுத் தங்கள் அப்பா படத்தை மாட்டி, வாசலில் நின்று கைகூப்பி, "வாங்க வாங்க, உள்ள வாங்க," என்று ஊராரை வரவேற்பார்கள். அதில் சலேத்மேரியையும் வரவேற்பார்கள். "உக்காருங்க சலேத்தக்கா, தண்ணி கொண்டாரவா?" என்று அவள் குடத்துத் தண்ணீரையே மொண்டு அவளுக்குக் கொடுப்பார்கள். சந்தியாகு தன் வீட்டுப் பாத்ரூமுக்குப் போக யாரிடமாவது கேட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டான். ஒரு நாள் அவன் வேலைவிட்டு வந்து களைப்பில் சட்டையைக் கழற்றிப் போட, அன்றைய வீட்டுக்காரி முகம் சுளித்து, "வந்த எடத்துல இப்படியாண்ணே," என்றாள்.

உபதேசியாருக்கு வேறு கண்ணாடி இல்லை. ஒட்டிக்கொண்ட கண்ணாடிக்குள் கண்ணை வைத்துத்தான் அவர் மன்றாட்டுகளைப் படிக்கவேண்டும் என்பதால், மேசையோடு மேசையாகக் குனிந்து, மூக்கு துணியில் படாமல் கவனமாக, புத்தகத்தைக் கண்ணாடிக்குக் கீழே கோணலாகப் பிடித்துப் படித்தார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்து, என்ன ஒரு பக்தி என்று தாங்களும் அப்படியே குனிந்தார்கள். அந்த வாரமே அது வழக்கமாகிவிட்டது. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்து நின்று மன்றாடுவதைப் பக்கத்து ஊர்க்காரர்கள் செல்போனில் படம் எடுத்துப் போனார்கள். பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு மாதா ஒட்டின வீடு என்று பேர் வைத்துவிட்டார்.

சலேத்மேரி கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். நடையில் ஒரு நிதானம் வந்தது. யாராவது கஷ்டம் சொன்னால், "அம்மாகிட்ட சொல்லி வைக்கிறேன்," என்றாள், ஏதோ மாதா அவளிடம் வாடகைக்குக் குடியிருப்பவள் போல. கம்பெனியின் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கூட ஒரு நாள் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கும்பிட்டு, துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, இது நம்ம மெத்துத்தான? இது பாதிதான. கொக்கி இல்லாம மெத்து எதையும் புடிக்காதே. கொக்கி எங்க இருக்கு?"

"தெரியலையே சார்," என்றாள் சலேத்மேரி.

அவர் சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு அது முதல் நாளே தெரியும். தினமும் கொக்கியும் மெத்துமாகப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? சுரூபத்தின் அடியில் வெறும் மரக்கட்டை, துணியின் அடியில் வெறும் மேசை. கொக்கி வேறெங்கோதான் இருந்தாக வேண்டும். அந்த யோசனை வரும்போதெல்லாம் அவள் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி அதை விரட்டிவிடுவாள்.

எல்லார் வீடும் முறைப்படி சலேத்மேரி வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது, ஒரு வீடு தவிர. அந்த முதல் சாயங்காலம் மாதா போயிருக்கவேண்டிய அடுத்த வீடு. பின்தெருவில் இருந்த அது சந்தியாகுவின் தம்பி அருளப்பன் வீடு. அருளப்பன் பஞ்சு லாரியில் சுமை ஏற்றுகிறவன். வருஷா வருஷம் மாதாவைத் தலையில் சும்மாடு கட்டி வைத்து வீடு வீடாகத் தூக்கிப்போனதும் அவன்தான். அந்தச் சித்திரையில் பஞ்சுப் பொதி மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தவன், எலும்பு கூடிய பிறகும் எழுந்திருக்கவில்லை. உட்காரவேண்டும், இப்படியே படுத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டி ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் அவன் பெண்சாதி பிலோமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எத்தனை பேர் சொல்லியும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தான்: "மாதா வீட்டுக்கு வரட்டும். படுத்துக்கிட்டா கும்பிடுறது? அன்னிக்கு உக்காருறேன்."

மாதா வரவில்லை. உன்னைக் கட்டிலோடு தூக்கிப்போய்க் காட்டுகிறோம் என்று அண்ணன் போய்க் கேட்டபோது, "நாலு பேரு என்னையத் தூக்கிட்டுப் போறது ஒரு தடவைதான்ணே. அதை இப்பவே வேணாம்," என்று சொல்லிவிட்டான்.

பிலோமி ஒரு சாயங்காலம் தனியாக வந்தாள். மிதியடி கொண்டுவரவில்லை, திரை கொண்டுவரவில்லை. மடியில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்திருந்தாள், அருளப்பன் சும்மாடு கட்டுகிற துண்டு.

"அக்கா, இதை மாதா காலடியில செத்த வச்சு எடுத்துக்கவா? அவரு தலைமாட்டுல போட்டுவிடலாம்னு."

"வையி பிலோமி, இதுக்குப் போயி கேக்கணுமா," என்றாள் சலேத்மேரி.

பிலோமி வைத்தாள். கும்பிட்டாள். எடுக்கப் போனபோது துண்டு வரவில்லை. ஒரு தடவை இழுத்தாள், இரண்டு தடவை இழுத்தாள். சலேத்மேரியும் கூட இழுத்தாள். பிறகு பிலோமி கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. அவரு கேட்டா தொவச்சுக் காயப்போட்டிருக்கேன்னு சொல்லிக்கிறேன்."

"எப்படி இருக்கான் கொழுந்தன்?"

"நேத்திலேருந்து கஞ்சி எறங்கல. மூச்சு விடும்போது உள்ள கொழகொழன்னு சத்தம் வருது," என்றாள் பிலோமி, மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வெறுங்கையோடு தெருமுனை திரும்புகிறவரை சலேத்மேரி பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று அவளால் ஜெபமாலையை முடிக்க முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்து மேசையில் சோதனைத்துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மெத்தில் கொக்கியை அழுத்திவிட்டு, இரண்டையும் இரண்டு கையில் பிடித்து நேராக இழுத்து, முகம் சிவந்துபோயிருந்தாள்.

"ஏத்தா, அப்படி மேல இழுத்தா யானை வந்தாலும் வராது. ஓரத்துல ஒரு முனையப் புடிச்சு மெதுவா உரி," என்றாள் சலேத்மேரி.

சொன்ன வாயை அவளால் மூட முடியவில்லை. இத்தனை நாளும் ஊரே சேர்ந்து மேலே மேலே இழுத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு ஷூ போடுகிற பிள்ளைகள் இருக்கிற ஊர், ஆளுக்கொருவர் அதே துணி செய்கிற ஊர், ஆனால் மாதா என்றதும் நேராகத் தூக்கத்தான் தோன்றியிருக்கிறது. யாரும் ஓரத்தைப் பிடிக்கவில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வீடு அன்று தையல்கடைக்காரர் குடும்பத்தின் வீடாக இருந்தது. அவர்கள் பாயை மிதிக்காமல் சுற்றிப் போய், மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தால் துணியின் நாலு முனையையும் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. சாயங்காலம் ஆகி ஜனம் கூடிவிட்டது, சாமியாரும் வந்துவிட்டார், அவள் இன்னும் நெம்பிக்கொண்டிருந்தாள். சந்தியாகுவுக்கு எரிச்சல் வந்தது.

"மேகம் மாதிரி இருக்கு, மேகம் மாதிரி இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீல்ல. இப்ப அந்த மேகத்தை நீயே கழட்டு."

"ஆமா, சொன்னேன்," என்றாள் சலேத்மேரி, அவனைப் பார்க்காமல். "உபதேசியார் வீட்டம்மா பின்னின விரிப்ப எல்லாரும் பாராட்டுனாங்க, அதான். அதைவிட நல்லா இருக்கணும்னுதான் இதைப் போட்டேன். மாதாவுக்காகப் போடல."

கர்ர்ர். வலப்பக்க முனை ஒரு விரல்கடை எழும்பி, மடங்கி நின்றது.

கூட்டத்தில் யாரோ தும்மலை அடக்குவதுபோல் ஏதோ அடக்கினார்கள். சலேத்மேரி அந்த முனையையே பார்த்தாள். அதைப் பிடித்து இழுத்தாள், மேற்கொண்டு வரவில்லை. கொக்கி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அது அவளிடத்தில்தான் இருந்தது, நிறைய இருந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டுத் தொடங்கினாள்.

"ஃபாதர் வந்தா பூப்போட்ட கப்புல டீ குடுத்தேன். மத்தவங்களுக்கெல்லாம் நசுங்கின டம்ளர்."

கர்ர்ர்.

"அம்மா, இதெல்லாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில வந்து சொல்லலாம்மா," என்றார் சாமியார், கூச்சத்தோடு.

"அங்க சொன்னா உங்களுக்கு மட்டும்தான ஃபாதர் கேக்கும். இதுக்கும் கேக்கணும்ல," என்று துணியைக் காட்டிவிட்டு மேலே போனாள். "எம் மகளோட மாமியா வாயடைக்கணும்னுதான் அவளுக்குப் போன் போட்டேன்."

கர்ர்ர்.

"வீட்டு விசயம் வேணாம்டி," என்றான் சந்தியாகு மெதுவாக.

"சூப்பர்வைசர் கொக்கி எங்கன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். கொக்கி இல்லாம ஒட்டாதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். நீங்க எல்லாரும் தூக்கும்போது நானும் ஒரு பக்கம் கை குடுத்தேன்ல, சும்மா தொட்டுக்கிட்டு நின்னேன். போயிராதம்மா, போயிராதம்மான்னு உள்ள சொல்லிக்கிட்டு நின்னேன்."

இந்தத் தடவை சத்தம் நீளமாக வந்தது, தெருவுக்குக் கேட்டது, பின்தெருவுக்கும் கேட்டது. துணி பாதி மேசைக்கு உரிந்து சுருண்டது. உபதேசியாரின் கண்ணாடி கழன்று உருண்டது. அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து, இவ்வளவு நாளாகப் பார்க்காத எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவரைப் பார்த்துக் குனிந்திருந்தவர்கள் மெல்ல நிமிர்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டார்கள்.

சுரூபத்தின் அடியும் அந்தத் துண்டும் இருந்த இடம் மட்டும் பாக்கி. சலேத்மேரி தேடித் தேடிச் சொன்னாள். தையல்கடைக்காரரின் பாயை அழுக்கு என்று நினைத்ததைச் சொன்னாள். ஜெபமாலையில் தூங்கியதைச் சொன்னாள். அதற்கெல்லாம் துணி அசையவில்லை, அதற்கு அக்கறை இல்லை போல. பிறகு வாசலில் பிலோமி நிற்பதைப் பார்த்தாள். சத்தம் கேட்டு, கையில் கரண்டியோடு வந்திருந்தாள்.

சலேத்மேரி துணியிலிருந்து கையை எடுத்தாள். அவள் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அருளப்பன் விழுந்ததுலேருந்து எல்லாரும் பிலோமி பிலோமின்னாங்க. கோயில்ல அவளுக்கு எடம் விட்டாங்க. ஃபாதர் பூசையில பேர் சொல்லி ஜெபிச்சாரு. என்னைய யாரும் திரும்பிப் பாக்கல. மாதா இங்க நின்னதும், அடுத்து அவ வீடுன்னு தெரிஞ்சும், எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. படுத்த படுக்கையா புருசன வச்சிருக்கிறவளப் பாத்து நான் பொறாமைப்பட்டேன், போதுமா."

துணி அசையவில்லை. எல்லாரும் பிலோமியைப் பார்த்தார்கள். பிலோமி கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"பொறாமையா இருந்தா ஒரு நா வந்து அவருக்கு மூத்திரச்சட்டி வச்சு எடுங்கக்கா," என்றாள். "நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்."

முதலில் சிரித்தது சாமியார்தான் என்று கொர்னேலியாக்கா சத்தியம் செய்கிறார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சந்தியாகு சிரித்தான், தரையைப் பார்த்திருந்த சலேத்மேரிக்கே தோள் குலுங்கியது. "வரேன்டி. இன்னிக்கே வரேன்," என்று அவள் சிரிப்பும் அழுகையுமாகச் சொன்ன அந்தச் சத்தத்தில் துணி பிரிந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. துண்டு நழுவித் தரையில் விழுந்தபோதுதான் பார்த்தார்கள். மாதா வெறும் மேசையில், எப்போதும்போல, லேசாக நின்றுகொண்டிருந்தாள்.

சலேத்மேரி அந்தத் துண்டைச் சுருட்டித் தன் தலையில் வைத்து, சுரூபத்தைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டாள். பெண்கள் தலையில் மாதாவைத் தூக்குகிற வழக்கம் அங்கே இல்லை. அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை. சும்மாடு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சரிந்து, மாதா தெருமுழுக்க ஆடி ஆடி, கொஞ்சம் குடித்தவள் மாதிரிதான் வந்தாள். ஊரே இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடியது. பாட்டுப் பாட யாருக்கும் தோன்றவில்லை.

அருளப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இத்தனை கால்சத்தம் கேட்டும் திரும்பவில்லை. சலேத்மேரி கட்டில் பக்கத்தில் போய் நின்று, மூச்சு வாங்க, "கொழுந்தனாரே, வந்தாச்சு," என்றாள்.

அவன் தலையை மட்டும் திருப்பினான். மாதாவைப் பார்த்தான். பிறகு அவன் கண் கொஞ்சம் கீழே இறங்கி, அவள் தலைமேல் அந்தத் துண்டு இருந்த லட்சணத்தில் போய் நின்றது. நெற்றி சுருங்கியது. நெஞ்சுக்குள் கொழகொழவென்று ஏதோ புரண்டது.

"மதினி," என்றான், "சும்மாடு இப்படியா கட்டுவாக? இப்ப விழுந்துருவா."

"அப்ப வந்து நீ கட்டு."

"அசையாம நில்லுங்க." அவன் ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினான். சந்தியாகு பிடிக்கப் போனபோது வேண்டாம் என்று முழங்கையால் தள்ளினான். பல்லைக் கடித்து, இருமி, மறுபடி இருமி, இத்தனை மாதத்துச் சளியையும் பிலோமி நீட்டிய சட்டியில் துப்பிவிட்டு, உட்கார்ந்தான். சாமியார் மாதாவை வாங்கிக்கொள்ள, அவன் அந்தத் துண்டை எடுத்து உதறி, மடித்து, சுற்றி, அதற்கு ஒரு வட்டம் வருகிறவரை விடாமல் கட்டிக்கொண்டே இருந்தான்.

மாதாவை ஒரு முக்காலியில் வைத்தார்கள், வெறும் முக்காலி. அந்த வீட்டில் சுண்டல் இல்லை, விரிப்பு இல்லை. கஞ்சி இருந்தது, அதை அருளப்பன் உட்கார்ந்தே குடித்தான். சலேத்மேரி சொன்னபடி சட்டியை எடுத்துப்போய்க் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, பிலோமி சுவரில் சாய்ந்து, மடியில் கரண்டியோடு, வாய் கொஞ்சம் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். உபதேசியார் ஜெபமாலையைத் தொடங்கப் போனவர், சலேத்மேரி உதட்டில் விரலை வைத்ததும் நிறுத்தினார். அப்புறம் அந்த வீட்டுக்குள்ளும் வாசலிலும் தெருவிலும் நின்ற அத்தனை பேரும், ஐம்பத்து மூன்று மணியையும், ஒருவர் காதில் ஒருவர் சொல்வதுபோல, மூச்சுச் சத்தத்தில் சொல்லி முடித்தார்கள். பிலோமியின் தூக்கம் கலையவில்லை.

இந்தக் கதையை நீங்கள் யாருக்காவது சொன்னால், இந்த இடம் வரும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லுங்கள்.